மருத்துவ மாணவர் பயிற்சி மருத்துவராகும்போது மாறுவது என்ன?

மருத்துவப் படிப்பின் இறுதித் தேர்வை எழுதி முடித்தவருக்கும், சில வாரங்கள் கழித்து வார்டில் இரவுப் பணிக்கு நிற்கும் பயிற்சி மருத்துவருக்கும் இடையே அறிவளவில் பெரிய வேறுபாடு இருக்க முடியாது. ஆளும் அவரே, படித்த புத்தகங்களும் அவையே. ஆனாலும் அந்தச் சில வாரங்களுக்குள் அவருடைய தொழில்வாழ்க்கையின் மிகப் பெரிய மாற்றம் நடந்துவிடுகிறது. நேற்றுவரை அவர் சொன்ன கருத்தை இன்னொருவர் சரிபார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்; இன்றுமுதல் அவர் எழுதிவைப்பதைப் படித்துச் செவிலியர் ஊசியில் மருந்தை ஏற்றுகிறார். ரெசிடென்சி எனப்படும் இந்தப் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வேலைநேரத்தையும் தூக்கமின்மையையுமே முதலில் சொல்வார்கள். அவை உண்மையான சுமைகள்தான்; அவற்றுக்குப் பிறகு வருவோம். ஆனால் மாணவப் பருவத்தையும் இதையும் பிரிக்கும் கோடு வேறிடத்தில் இருக்கிறது. முழுத் தகவலும் கைக்கு வராத நிலையிலேயே முடிவெடுத்து, அந்த முடிவுக்குப் பொறுப்பேற்பதுதான் அந்தக் கோடு. அந்தப் பொறுப்பு எவ்வளவு வேகத்தில், யாருடைய கண்காணிப்பில் கைமாறுகிறது என்பதைப் பொறுத்தே ஒரு பயிற்சியின் தரம் அமைகிறது என்பது என் கருத்து.

பெயரும் கால அளவும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பொது மருத்துவத்துக்கு 3 ஆண்டுகள், பொது அறுவைச் சிகிச்சைக்கு 5 ஆண்டுகள், நரம்பியல் அறுவைச் சிகிச்சைக்கு 7 ஆண்டுகள் என்பது வழக்கமான அளவு. பிரிட்டனில் பட்டம் பெற்றவர் எந்தத் துறைக்குப் போவதாக இருந்தாலும் முதல் 2 ஆண்டுகள் அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும். ஆனால் வார்டுக்குள் நுழைந்துவிட்டால் எல்லா இடங்களிலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் மாறுவது சிந்தனையின் திசை. மாணவர் படிக்கும் புத்தகம் நோயின் பெயரில் தொடங்கி, காரணம், அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை என்று இறங்கிக்கொண்டே போகும். நிமோனியா என்ற தலைப்பின்கீழ் மூச்சுத்திணறல் ஒரு வரியாக வரும். இதயச் செயலிழப்பு என்ற தலைப்பின்கீழ் அதே மூச்சுத்திணறல் இன்னொரு வரியாக வரும். வார்டில் தலைப்பு கிடையாது. மூச்சுவாங்கும் ஒரு முதியவர் இருக்கிறார். அவருக்குக் காய்ச்சலும் இருக்கிறது, கால் வீக்கமும் இருக்கிறது, பல ஆண்டுப் புகைப்பழக்கமும் இருக்கிறது. திரவம் ஏற்றினால் நிமோனியாவுக்கு உதவலாம், இதயத்துக்குக் கெடுதல் ஆகலாம். சிறுநீர் பிரிய மருந்து கொடுத்தால் இதயத்துக்கு உதவலாம், ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் ரத்த அழுத்தத்தை மேலும் தாழ்த்தலாம். தேர்வு வினாத்தாளில் வரும் நோயாளி, விடைக்குத் தேவையான தகவல்களை மட்டும் கொண்டுவருவார். நான்கு தெரிவுகளில் ஒன்று சரி என்று யாரோ முன்பே முடிவுசெய்திருப்பார்கள். வார்டில் இருப்பவரோ விடைக்குச் சம்பந்தமில்லாத ஐம்பது தகவல்களோடு வருகிறார். அவற்றுள் எது முக்கியம் என்பதை யாரும் அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை. சரியான தெரிவு என்று ஒன்று இருக்கிறதா என்பதுகூட அந்த நேரத்தில் தெரியாது.

ஓர் உதாரணத்தை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. இரவு மூன்று மணிக்கு ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வருகிறது: ஒரு நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் அளவு 6.8. இயல்பான அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது இறுதியாண்டு மாணவருக்கு நன்றாகவே தெரியும். இதயத்தைக் காக்கக் கால்சியம், பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும், உடலிலிருந்து வெளியேற்ற மற்ற வழிகள், எதற்கும் கட்டுப்படாவிட்டால் டயாலிசிஸ் என்று வாய்மொழித் தேர்வில் தடையில்லாமல் சொல்லிவிடுவார், முழு மதிப்பெண்ணும் பெறுவார்.

பயிற்சி மருத்துவருக்கு இந்தப் பட்டியல் பாதி வேலைகூட இல்லை. முதலில், இந்த எண்ணை நம்பலாமா? ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும்; மறுபடி ரத்தம் அனுப்பினால் முடிவு வர நேரமாகும், அதுவரை காத்திருக்கலாமா? நோயாளியைப் போய்ப் பார்க்க வேண்டும், ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், அதில், பொட்டாசியம் இதயத்தைப் பாதிப்பதன் அடையாளமாக டி அலைகள் எனப்படும் மேடுகள் கூர்ந்து உயர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவருடைய சிறுநீரகம் முன்பே பழுதானதா? மருந்துப் பட்டியலில் பொட்டாசியத்தை உயர்த்தும் ரத்த அழுத்த மாத்திரை ஏதும் இருக்கிறதா, அதைக் காலையில் யாராவது மறுபடியும் கொடுத்துவிடுவார்களா? ஈ.சி.ஜி. மாறியிருந்தால் மறுபரிசோதனைக்குக் காத்திராமல் கால்சியம் கொடுத்துவிட வேண்டும். ஆனால் கால்சியம் பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை, இதயத்துக்குச் சிறிது நேரம் பாதுகாப்பு தருகிறது, அவ்வளவே. இன்சுலின் கொடுத்தால் அடுத்த சில மணி நேரத்துக்கு ரத்தச் சர்க்கரையைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லி எழுதிவைக்க வேண்டும். எழுத மறந்தால் ஒரு ஆபத்தைத் தீர்க்கப்போய் விடியற்காலையில் இன்னோர் ஆபத்தை உண்டாக்கியிருப்பார். இத்தனைக்கும் நடுவில் இன்னொரு வார்டிலிருந்து அழைப்பு வந்துகொண்டிருக்கும். மூத்த மருத்துவரை எழுப்ப வேண்டுமா என்ற கேள்வியும் மனத்தின் ஓர் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் முன்வைத்த ஒரு படிநிலை இந்த இடைவெளியைத் தெளிவாக விளக்குகிறது. கீழ்ப்படி, ஒன்றைத் தெரிந்திருத்தல். அடுத்தது, எப்படிச் செய்வது என்று தெரிந்திருத்தல். அதற்கு மேல், சோதிப்பவர் முன்னால் செய்துகாட்டுதல். உச்சியில், அன்றாடப் பணியில் உண்மையாகச் செய்தல். மாணவப் பருவத்தின் தேர்வுகள் முதல் மூன்று படிகளை அளக்க வல்லவை. நான்காவது படியைத் தேர்வறைக்குள் அளக்க முடியாது. ஏனென்றால் களைப்பு, குறுக்கீடு, அச்சம், ஒரே நேரத்தில் வரும் பல வேலைகள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததுதான் அந்தப் படி. நல்ல மதிப்பெண் பெற்ற பலர் பயிற்சியின் முதல் மாதங்களில் தங்களுக்கு எதுவுமே தெரியவில்லை என்று உணர்வதற்குக் காரணம் இதுவே. அவர்கள் படித்தது வீணாகவில்லை. அதைப் பயன்படுத்தும் திறன் வேறொரு திறன், அதை அவர்கள் இப்போதுதான் பழகத் தொடங்குகிறார்கள்.

அந்தத் திறனின் மையத்தில் இருப்பது, எதைத் தானே செய்யலாம், எப்போது உதவி கேட்க வேண்டும் என்ற கணிப்பு. மாணவர் உதவி கேட்டால் ஆர்வமுள்ளவர் என்று பெயர் கிடைக்கும். பயிற்சி மருத்துவர் இரவில் மூத்தவரை அழைத்தால் இதுகூடத் தெரியாதா என்ற தொனி மறுமுனையில் வந்துவிடுமோ என்று தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை வளர்க்கும் துறைகளில் நோயாளிகளின் நிலை கெடுவது தாமதமாகத்தான் மேலிடத்துக்குத் தெரியவரும். நல்ல மூத்தவர் பணி தொடங்கும்போதே எந்தெந்த நிலையில் தன்னை அழைத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிடுவார். அழைத்தபோது எரிச்சல் காட்டவும் மாட்டார். இது பெருந்தன்மை சம்பந்தப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நான் இதை நோயாளிப் பாதுகாப்பின் அடிப்படை ஏற்பாடாகவே பார்க்கிறேன். நெதர்லாந்தின் மருத்துவக் கல்வியாளர் ஒல்லே டென் காட்டே 2005இல் முன்வைத்த கருத்தும் இதையே ஒழுங்குபடுத்த முயல்கிறது: ஒரு குறிப்பிட்ட பணியை ஒருவரிடம் நம்பி ஒப்படைக்கலாமா என்பதைப் பயிற்சியின் அளவுகோலாக்கி, அருகில் நின்று பார்த்தல், அழைத்தால் வரும் தூரத்தில் இருத்தல், பிறகு தனியே விடுதல் என்று கண்காணிப்பைப் படிப்படியாகத் தளர்த்த வேண்டும் என்றார் அவர். ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதற்காகப் பொறுப்பைத் தராமல், இந்தப் பணியில் இவரை நம்பலாம் என்று கண்டபின் தர வேண்டும் என்ற அந்த எண்ணம் பல நாடுகளின் பாடத்திட்டங்களுக்குள் வந்துவிட்டது. இரவுப் பணியில் அது எவ்வளவு நடைமுறையாகிறது என்பது துறைத் தலைவரைப் பொறுத்தது.

மாணவர்கள் முன்கூட்டி எதிர்பார்க்காத இன்னொன்று, வேலையின் வடிவம். மாணவருக்கு ஒரு நோயாளியை ஒதுக்கினால் அவரோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசலாம். மூன்று தலைமுறை குடும்ப வரலாற்றையும் கேட்டு எழுதலாம். பயிற்சி மருத்துவருக்கு ஒரே காலையில் பத்து, பதினைந்து, சில இடங்களில் அதற்கும் மேற்பட்ட நோயாளிகள். மூத்தவர்களோடு படுக்கை படுக்கையாகப் போய்ப் பார்க்கும் ரவுண்ட்ஸில் எடுத்த முடிவுகளை அவர் வேலைகளாக மாற்ற வேண்டும்: ஸ்கேனுக்கு எழுதுவது, அதற்கு நேரம் வாங்குவது, வேறு துறையின் கருத்தைக் கேட்பது, வீட்டுக்கு அனுப்பும் சுருக்கத்தை எழுதுவது, உறவினரிடம் பேசுவது. அமெரிக்காவின் இரண்டு மருத்துவமனைகளில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களைப் பின்தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய நேரத்தில் 12 விழுக்காடு மட்டுமே நோயாளியோடு நேரடியாகச் செலவாயிற்று என்றும், 40 விழுக்காடு கணினி முன்னால் கழிந்தது என்றும் தெரியவந்தது. மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்த விகிதம் மாறலாம். ஆனால் மருத்துவராகிவிட்டால் நோயாளியோடு கூடுதல் நேரம் கிடைக்கும் என்று நினைத்து வருபவர் ஏமாற்றம் அடைவது எங்கும் நடக்கிறது.

இந்தப் பன்முக வேலைகளுள் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவக் கல்லூரிகள் அதற்கு மிகக் குறைவாகவே இடம் தருகின்றன. பணி முடிந்து போகும் மருத்துவர் அடுத்து வருபவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பதுதான் அது. ஒரு வார்டு முழுவதையும் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கும்போது, யார் கவலைக்கிடம், யாருடைய ரத்த முடிவு வர வேண்டியிருக்கிறது, அது எப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றில் ஒன்று விடுபட்டாலும் அதன் விளைவை நோயாளி அனுபவிக்கிறார். இப்படி ஒப்படைப்பதற்கான ஐ-பாஸ் என்ற ஒழுங்குமுறையை 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் பயிற்சி மருத்துவர்களுக்குக் கற்பித்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. மருத்துவத் தவறுகள் 23 விழுக்காடும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 விழுக்காடும் குறைந்தன. புதிய மருந்தோ புதிய கருவியோ இல்லாமல், பேசும் முறையை ஒழுங்குபடுத்தியதால் கிடைத்த பலன் இது. இறுதியாண்டுப் பாடத்தில் இதற்கு ஒரு வாரமாவது ஒதுக்காததற்கு எனக்குக் காரணம் புரியவில்லை.

வேலைநேரத்துக்கு வருவோம். இன்றைய பயிற்சி முறைக்கு வடிவம் தந்தது 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. அங்கே மருத்துவத் துறையில் வில்லியம் ஆஸ்லரும் அறுவைச் சிகிச்சைத் துறையில் வில்லியம் ஹால்ஸ்டெடும் இளம் மருத்துவர்களை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, ஆண்டுக்கணக்கில் நோயாளிகளிடையே பயிற்றுவித்தார்கள். பொறுப்பு படிப்படியாக உயரும் என்ற நல்ல எண்ணமும், பயிற்சியாளரின் எல்லா நேரமும் மருத்துவமனைக்கே உரியது என்ற கடுமையான எண்ணமும் அந்த ஒரே மூலத்திலிருந்து வந்தவை. முதல் எண்ணத்தைவிட இரண்டாவது எண்ணமே பல இடங்களில் உறுதியாக வேரூன்றியது.

அதைப் பொதுவெளியில் கேள்விக்கு உட்படுத்தியது 1984 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த ஒரு மரணம். காய்ச்சலோடும் உடல் நடுக்கத்தோடும் இரவில் சேர்க்கப்பட்ட 18 வயது லிபி ஸயான் என்ற கல்லூரி மாணவியைக் கவனித்துக்கொண்டவர்கள் பயிற்சியின் முதலாண்டிலும் இரண்டாம் ஆண்டிலும் இருந்த மருத்துவர்கள். அவர் ஃபெனெல்சின் என்ற மனச்சோர்வு மருந்தை உட்கொண்டுவந்தார்; அதோடு சேரக்கூடாத பெத்திடின் ஊசி போடப்பட்டது. சில மணி நேரத்தில் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி, இதயம் நின்றுபோனது. பத்திரிகையாளரான தந்தை விடாமல் போராடினார். வழக்கை ஆராய்ந்த நீதிக்குழு தனிமனிதர்கள்மேல் குற்றச்சாட்டைப் பதியாமல், பயிற்சி மருத்துவர்களின் நீண்ட பணிநேரத்தையும் போதாத கண்காணிப்பையும் கண்டித்தது. மருத்துவர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பை விதித்தது. 2003இல் அந்த வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. 2011இல் முதலாண்டு மருத்துவர்களுக்குத் தொடர்பணி 16 மணி நேரத்துக்குமேல் கூடாது என்று ஆக்கினார்கள். 2017இல் அதைத் திரும்பப் பெற்று மீண்டும் 24 மணி நேரத்துக்கு அனுமதித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இதைவிடக் கண்டிப்பானது: வாரத்துக்குச் சராசரியாக 48 மணி நேரம்.

நேரத்தைக் குறைத்தால் நோயாளிக்கு நன்மையா என்ற கேள்விக்கு வந்த பதில்கள் ஒரே திசையில் இல்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குத் தாழ்கிறது என்று 1997இல் ஓர் ஆய்வு காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட தொடர்பணி பார்த்த முதலாண்டு மருத்துவர்கள், குறுகிய பணி பார்த்தவர்களைவிடக் கடுமையான தவறுகளை ஏறத்தாழ 36 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள் என்று 2004இல் இன்னோர் ஆய்வு சொன்னது. ஆனால் 117 பொது அறுவைச் சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களை ஒப்பிட்டு 2016இல் வெளியான பெரிய ஆய்வில், தொடர்பணி நேர வரம்பைத் தளர்த்திய இடங்களில் நோயாளிகளின் நிலை மோசமாகவில்லை. முரண்போலத் தோன்றும் இதற்கு விளக்கம் உண்டு: பணிநேரம் குறைந்தால் கைமாற்றம் கூடுகிறது, களைப்பால் வரும் தவறு குறையும் இடத்தில் ஒப்படைப்பால் வரும் தவறு புகுந்துகொள்கிறது. பெல் 1993இலேயே எழுதியது நினைவுகூரத்தக்கது: சிகிச்சையின் தரத்தை உயர்த்தும் திறவுகோல் கண்காணிப்புதானே தவிர நேரக் கட்டுப்பாடு அல்ல என்றார். தன் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட நேர விதியையே அவர் அப்படி இரண்டாமிடத்தில் வைத்தார். லிபி ஸயானின் வழக்கிலும், மருந்துகளின் சேர்க்கை ஆபத்தை அறிந்த ஓர் அனுபவசாலி அன்றிரவு படுக்கையருகே இருந்திருந்தால் என்ற கேள்வி, இளம் மருத்துவர்கள் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார்கள் என்ற கேள்விக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆனால் இதை வைத்துக்கொண்டு, களைப்பு ஒரு பொருட்டல்ல, நாங்களும் இப்படித்தான் வந்தோம் என்று வாதிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. இரவு முழுவதும் விழித்தவர் காலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார் என்பது ஒன்றே அந்த வாதத்துக்குப் போதிய மறுப்பு.

பணவிஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாணவர் கட்டணம் கட்டுகிறார். பயிற்சி மருத்துவர் பல நாடுகளில் ஊதியம் பெறுகிறார். அதனால் அவர் ஊழியராகவும் கற்பவராகவும் ஒரே நேரத்தில் இருக்கிறார். ஆள் பற்றாக்குறை வரும்போதெல்லாம் முதலில் காவுகொடுக்கப்படுவது கற்பவர் என்ற பாதிதான்.

கற்றலே வேறு உருவம் எடுக்கிறது. மாணவருக்குத் தேர்வு முடிந்தால் மதிப்பெண் வரும்; தவறியது எது என்று தெரியும். பயிற்சி மருத்துவர் எடுக்கும் பெரும்பாலான முடிவுகளுக்கு மதிப்பெண் வருவதில்லை. வயிற்றுவலிக்குச் சாதாரணக் காரணம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியவர் தேறிவிட்டாரா, மறுநாள் வேறு மருத்துவமனைக்குப் போனாரா என்பது அவருக்குத் தெரியாமலே போகலாம். தவறான பழக்கம் ஒன்று பல மாதங்கள் தண்டனையின்றித் தொடர்வதற்கும், சரியாகச் செய்தவர் தன்மேல் நம்பிக்கை வராமல் தவிப்பதற்கும் இதுவே காரணம். இதற்குச் சிறந்த மாற்று, தான் பார்த்த நோயாளிகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு சில நாட்கள் கழித்து அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தேடிப் பார்ப்பது. அப்படித் தேடுபவருக்குப் படிப்பும் ஒட்டிக்கொள்கிறது. முகம் நினைவில் இருக்கும் ஒரு நோயாளிக்காக இரவில் படித்த இரண்டு பக்கம், தேர்வுக்காகப் படித்த இருபது பக்கத்தைவிட நீண்டநாள் நிற்கும்.

மனநிலையில் நேரும் மாற்றத்தை எண்களிலும் பார்க்கலாம். பயிற்சி தொடங்குவதற்கு முன்னும் முதலாண்டின் போதும் அதே மருத்துவர்களை ஆராய்ந்து 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வின் அளவுகோலுக்கு உட்பட்டவர்கள் 3.9 விழுக்காட்டிலிருந்து சராசரியாக 25.7 விழுக்காட்டுக்கு உயர்ந்தார்கள். ஒரே ஆட்கள், சில மாத இடைவெளி. தனிமனித பலவீனம் என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. அப்படியானால் அந்தப் பலவீனம் முந்தைய மாதமே தென்பட்டிருக்க வேண்டும்.

தூக்கமும் நேரமும் மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்லிவிடக்கூடாது. மாணவர் மரணத்தைப் பார்க்கும்போது கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கிறார். வெளியே போக வேண்டும்போல் இருந்தால் போகலாம். பயிற்சி மருத்துவர்தான் கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறார், கழுத்து நாடியில் விரல் வைக்கிறார், ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, கேட்காத ஒலிக்காக நிமிடக்கணக்கில் காது கொடுக்கிறார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்கிறார். அவர் சொன்ன நேரமே சட்டப்படி மரண நேரமாகிறது. அடுத்து வெளியே நிற்கும் மகளிடம் அவர்தான் பேச வேண்டும். மறைமுகமாகச் சொன்னால் பலருக்குப் புரிவதில்லை, ஆகவே இறந்துவிட்டார் என்ற சொல்லைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதைச் சிலர் வகுப்பில் கற்றிருப்பார்கள், பலர் முதல் முறை தடுமாறித்தான் தெரிந்துகொள்வார்கள். அது முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு மருந்து எழுத வேண்டும். அந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவில் யாராவது ஒரு மூத்தவர், நீங்கள் செய்ததில் குறையேதும் இல்லை, கொஞ்ச நேரம் உட்காருங்கள், அந்தக் கேஸ் ஷீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வது எவ்வளவு அரிதோ அவ்வளவு தேவையானது.

இந்தத் தாண்டலைச் சிறிதளவேனும் மெதுவாக்க முடியும் என்பதற்குச் செயலில் உள்ள ஏற்பாடுகளே சான்று. அமெரிக்காவில் இறுதியாண்டு மாணவர்கள் சில வாரங்கள் முதலாண்டு மருத்துவரைப்போலவே நோயாளிகளை எடுத்துக்கொண்டு, எழுதும் ஒவ்வொன்றிலும் மூத்தவரின் கையெழுத்தைப் பெற்று வேலைசெய்யும் பணிச்சுற்று உண்டு. பிரிட்டனில் புதிய பட்டதாரிகள் பணியேற்கும் முன், தாங்கள் எந்த இடத்துக்கு வரப்போகிறார்களோ அந்த இடத்தில் இருப்பவரோடு குறைந்தது 4 நாட்கள் ஊதியத்துடன் நிழல்போல் நடக்கிறார்கள். கணினியின் கடவுச்சொல்லை வாங்குவதும், அவசர மருந்துகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பதும், இரவில் யாரை எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்று குறித்துக்கொள்வதும் அப்போதே முடிந்துவிடுகிறது. 4 நாட்கள் குறைவு என்றே நான் நினைக்கிறேன். முதல் இரவுப் பணியையாவது, அதே வார்டில் ஓராண்டு பழகிய ஒருவர் அதே தளத்தில் இருக்கும்படி அமைத்துத் தருவதற்குப் பெரிய செலவு ஆகாது. பணிப்பட்டியல் போடுபவர் அதை முதல் விதியாக வைத்துக்கொண்டால் போதும்.